ஃபோர்வீல் கழலாத ஜீப்

(கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான பணியிடைப் பயிற்சியில் பேசியது)

அளவைகள் பாடத்தைச் செயல்வழியில் நடத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு ஜீப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அளவை தானாக வந்து சேரும்.

பழனி மலைப்பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். மேல் ஊர்களிலிருந்து 14 பிள்ளைகள் ஒரே ஜீப்பில் வருகிறார்கள். ஜீப் வராத நாளில் அவர்களும் வரமாட்டார்கள்.

போன மழையில் ஒருநாள், சேற்றுப்பாதையில் ஃபோர்வீல் போட்டு வந்த ஜீப், தார்ச்சாலைக்கு வந்த பிறகும் டூவீலுக்கு மாறவில்லை. லிவர் அசையவே இல்லை. வளைவில் யாரோ பிடித்து இழுப்பதுபோல வண்டி திணறியது. கீழே பட்டறையில் காட்டியபோது, டிரான்ஸ்ஃபர் பாக்ஸை இறக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்களாம். சொன்ன தொகை டிரைவர் அண்ணனின் ஒரு மாத வருமானத்துக்கு மேல். "ஒரு வாரம் வண்டி நின்னா பிள்ளைங்க என்ன சார் பண்ணும்?" என்று என்னிடம் வந்து நின்றார்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அப்பா லாரி ஓட்டியவர். சின்ன வயதில் ஜாக்கி எடுத்துக் கொடுத்த பழக்கம் உண்டு. "அண்ணே, டயர் ஏதும் மாத்தினீங்களா?" என்று கேட்டேன். பின்னால் இரண்டும் புதிது, முன்னால் பழையது என்றார்.

இந்த மாதிரி ஜீப்பில் ஃபோர்வீல் போட்டால், முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குள் ஒரு பல் வளையம் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடுகின்றன. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் அதற்கு வழியில்லை. துணியைப் பிழிவதுபோல ஷாஃப்ட்டில் முறுக்கு ஏறும். அந்த இறுக்கத்தில் பல்லும் பல்லும் கவ்விக்கொள்ள, லிவரை எவ்வளவு இழுத்தாலும் வளையம் நகராது. முன் டயரும் பின் டயரும் அளவில் வேறுபட்டால் நேர் சாலையிலேயே முறுக்கு ஏறும்.

சந்தேகம் சரியா என்று பார்க்க வேண்டுமே. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினோம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. தரையை விட்டதும் சக்கரம் 'டக்'கென்று தானாகத் திரும்பியது. முறுக்கு கழன்றுவிட்டது. அண்ணன் லிவரைத் தொட்டார், டூவீலுக்கு வந்துவிட்டது. தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினோம். முன் ஷாஃப்ட்டும் தடையில்லாமல் கூடவே சுற்றியது. பூட்டு உண்மையாகவே விட்டுவிட்டது என்று அதில்தான் உறுதியானது. ஷாஃப்ட் சுற்றாமல் சக்கரம் மட்டும் சுற்றும் வண்டியில் இந்தச் சோதனை எதையும் காட்டாது.

முறுக்கு போன பிறகும் லிவர் வராமல் இருந்திருந்தால், அடுத்து லிவருக்கும் பாக்ஸுக்கும் இடையே உள்ள கம்பியைக் கழற்றி, பாக்ஸின் மேலுள்ள கையை நேராக அசைத்துப் பார்க்க வேண்டும். அது அசைந்தால் துரு கம்பியில். அதுவும் அசையாவிட்டால்தான் பாக்ஸைத் திறக்கும் பேச்சு. பட்டறைக்காரர் கடைசிப் படியிலிருந்து தொடங்கிவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் கணித வகுப்பை ஜீப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். தையல் டேப்பால் டயரைச் சுற்றி அளந்தார்கள். பின்னால் 220 செ.மீ., முன்னால் 216. நான் அதோடு முடித்திருப்பேன். என் பதிவேட்டில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருந்த ஒரு மாணவி, "சார், கீழ டயர் அமுங்கியிருக்கே, டேப் அளவு சரியா வருமா?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றாத கேள்வி. டயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, டூவீலில் வைத்து வண்டியைத் தள்ளி, ஐந்து சுற்றுக்கு ஓடிய தூரத்தை அளந்தோம். பின் சக்கரம் 10.70 மீட்டர், முன் சக்கரம் 10.50. ஒரு சுற்றுக்கு 214, 210. டேப் சொன்ன அளவு இரண்டிலும் கூடுதல்தான். வித்தியாசம் மட்டும் அதே 4 செ.மீ.

அவளையே கரும்பலகையில் கணக்கிடச் சொன்னேன். ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் ஏறக்குறைய 476 சுற்று, பின் சக்கரம் 467. ஒன்பது சுற்று வித்தியாசத்தை அந்த ஷாஃப்ட்டுகள் எங்கே வைத்துக்கொள்ளும்?

ஒரே அளவில் நான்கு டயர் போடும்வரை, சேறு முடிந்ததுமே ஃபோர்வீலை எடுத்துவிடுகிறார் அண்ணன். சிக்கினால் நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் வருகிறார். பெரும்பாலும் அதிலேயே கழன்றுவிடுகிறது. 14 பிள்ளைகளுக்கும் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

உணவு இடைவேளையில் வாசலில் நிற்கும் என் பைக்கில் இதே அளவை எடுத்துப் பார்க்கலாம். டேப்பும் சுண்ணக்கட்டியும் கொண்டுவந்திருக்கிறேன்.