மலைச் சரிவின் மண்ணும் புல்லின் காவலும்

(நீலகிரி மாவட்டத்தில் நடந்த மண் பாதுகாப்புக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



மலை மண்ணைப் பற்றி உங்களிடம் பேச வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்க வருவதைப் போன்றதே என்பதை நாம் அறிவோம். எந்த மேட்டில் உருளைக்கிழங்கு திரளும், எந்தப் பள்ளத்தில் அழுகும் என்பதை உங்கள் கைகளே சொல்லும். ஆயினும், நமது அலுவலகத்திற்கு வரும் மனுக்களில் இரண்டு வகை மிகுந்திருப்பதைக் கண்டு, இன்று உங்களோடு கலந்து பேச விரும்பினோம். ‘எவ்வளவு உரம் இட்டும் விளைச்சல் முன்போல் இல்லை’ என்பது ஒரு வகை. ‘வீட்டிற்குப் பின்னுள்ள கரை சரிகிறது, தடுப்புச் சுவர் வேண்டும்’ என்பது மற்றொரு வகை. இவை வெவ்வேறு மேசைகளுக்குச் செல்கின்றன. ஆனால் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே. நம் மலை மண்ணின் இயல்பை நாம் மறந்து வருகிறோம் என்பதே அது.

இந்தப் பந்தலுக்கு எதிரே சாலைக்காக வெட்டிய கரையைச் சற்றுப் பாருங்கள். மேலே புல், அதன் கீழே ஏறக்குறைய இரண்டடிக்குக் கருமையான மண். அதற்கும் கீழே செம்மையும் மஞ்சளும் கலந்த அடிமண். அதன் அடியில், பார்வைக்குப் பாறை போலவும் கையால் நெருடினால் மாவு போலவும் உதிரும் ஒரு பகுதி. கெட்டிப் பாறை இக்கரையில் கண்ணுக்கே தென்படவில்லை. சார்னோக்கைட் என்னும் கடும்பாறை நீண்ட நெடுங்காலம் மழையாலும் வெப்பத்தாலும் இற்று இற்று இவ்வாறு ஆயிற்று. நீலகிரியின் பல சரிவுகளில் இந்த இற்றுப்போன பகுதியின் ஆழம் பத்து மீட்டரையும் தாண்டும்.

இம்மண்ணின் முதற்சிறப்பு ஆழம் என்றால், இரண்டாவது சிறப்பு வடிகால். இதில் களிமண் நிறைய உண்டு. சமவெளிக் களிமண்ணாக இருந்தால் மழை பெய்தவுடன் சேறாகும், வெயிலில் வெடிக்கும். மலை மண் அவ்வாறு செய்வதில்லை. இதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் மட்கும் களித்துகள்களைச் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்த்து வைக்கின்றன. அவ்வுருண்டைகளின் இடைவெளி வழியே நீர் இறங்குகிறது. உருண்டைகளுக்குள் ஈரம் தங்குகிறது. நீர் தேங்காமலும் வறண்டுவிடாமலும் பயிரைக் காக்கும் இந்த அமைப்புத்தான் கிழங்கிற்கும் தேயிலைக்கும் ஏற்ற வாய்ப்பாக அமைந்தது.

மூன்றாவது சிறப்பு, மேல்மண்ணின் கருமை. இது புல் ஈட்டிய செல்வம். மரம் தன் சருகை நிலத்தின் மேல் உதிர்க்கிறது. புல்லோ, தன் வேர்களை ஆண்டுதோறும் மண்ணுக்குள்ளேயே மடியவிட்டுப் புதிய வேர்களை விடுகிறது. மலையின் குளிரில் அவை மெதுவாகவே மட்குகின்றன. ஆதலால் புல்வெளி மண்ணில் அங்ககக் கரிமம் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் மேல் இருப்பது இங்கு இயல்பு. சமவெளி வயல்களில் அது ஒரு பங்கை எட்டுவதே அரிது. தோடர் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த சரிவுகளில் இன்றும் அந்தக் கருமண்ணைக் காணலாம்.

நான்காவது இயல்பு ஒரு குறையாகும். மிகுந்த மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடுவதால் இம்மண் புளித்த மண்ணாகவே இருக்கும். கார அமில நிலை பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரையில் நிற்கும். இந்நிலையில் நாம் இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொண்டு, வேருக்கு எட்டாமல் செய்துவிடுகின்றன. ‘உரம் போட்டும் பயனில்லை’ என்னும் மனுவிற்கு இங்கே பாதி விடை இருக்கிறது. கடையில் வாங்கிய உரம் நிலத்தில்தான் இருக்கிறது, பயிருக்குத்தான் கிடைக்கவில்லை.

மீதிப் பாதி விடை, நாம் இழந்துவிட்ட மேல்மண்ணில் இருக்கிறது. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 1820-களில், உருளைக்கிழங்கு முதலிய மேனாட்டுக் காய்கறிகள் இம்மலையில் கால்கொண்டன. புல்லைக் கொத்திவிட்டுப் பயிரிட்டவர்களுக்கு முதல் சில ஆண்டுகளில் எருவே தேவைப்பட்டிராது. புல் பல நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த முதல் அது. வட்டியை மட்டும் உண்டிருந்தால் முதல் நிலைத்திருக்கும். நாமோ ஒவ்வொரு மழையிலும் முதலையே ஓடைக்கு அனுப்பி வருகிறோம். மழை நாளில் ஓடை நீர் தேநீர் நிறத்தில் ஓடுவதைக் கண்டு நாம் வியப்படைவதும் இல்லை. அந்நிறம் நம் காட்டின் நிறம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கீழே உள்ள அணைகளில் அது வண்டலாகப் படிந்து அங்கும் இடத்தை அடைக்கிறது.

புல் அகன்றால் நீருக்கு என்ன நேரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. உதகமண்டலத்தில் 1954 முதல் இயங்கிவரும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தினர், கிளன்மார்கன் பகுதியில் இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஒன்றைச் சோலையும் புல்லுமாக இயற்கை நிலையில் விட்டனர். மற்றொன்றில் 1972-ஆம் ஆண்டில் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டனர். நட்ட பகுதியிலிருந்து வெளிவந்த நீர், முதற் பத்தாண்டுச் சுற்றில் நூற்றுக்கு 16 பங்கும், இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 பங்கும் குறைந்தது. கோடையில் ஊற்று வற்றுகிறது என்று வருந்தும் நாம், புல்வெளியைப் ‘பயனற்ற தரிசு’ என்று பதிவேடுகளில் எழுதி வந்தது எவ்வளவு பெரிய பிழை! சோலையைப் போலவே புல்வெளியும் நமக்கு நீர்த்தொட்டியாகும்.

இனி இரண்டாவது மனுவிற்கு வருவோம். ஆழமும் வடிகாலும் நன்மை என்றோம். அந்த நன்மையே ஆபத்தாக மாறும் ஓர் எல்லையும் உண்டு. மண்ணுக்குள் இறங்கிய நீர் வெளியேற வழி இருக்கும்வரை சரிவு நிலையாக நிற்கும். இயற்கை ஓடையைத் தூர்த்து வீடு கட்டினாலும், சாலையின் குறுக்கு வடிகாலை மூடினாலும், இறங்கிய நீர் இற்றுப்போன பாறைக்கும் கெட்டிப் பாறைக்கும் இடையே தேங்கும். மண்ணின் பாரம் பெருகும். உள்ளிருந்து நீரின் அழுத்தம் துகள்களை விலக்கும். அந்நிலையில் சரிவின் அடிக்கரையை வெட்டியிருந்தால் மேலுள்ள மண் முழுவதும் ஒருசேர இறங்கிவிடும். 1978-லும், மரப்பாலத்தில் 1993-லும், 2009 நவம்பரிலும் நிகழ்ந்தவற்றை உங்களில் பலர் நேரிற் கண்டவர்கள். 2009-இல் மட்டும் இம்மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய மழை இனியும் வரும் என்றே கருதி நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இங்கே நமது தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவது முறை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலைப் பகுதியில் நாம் பணியாற்றியபோது, மழைநீரைச் சேமிக்கும் வேலைக்கு நிதி வந்தது. சமவெளிக்காக வரைந்த மாதிரிப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, குடியிருப்பிற்கு மேலுள்ள சரிவில் வரிசையாக உறிஞ்சு குழிகள் வெட்டச் செய்தோம். வேலை நடக்கும்போது அவ்வூர் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்து, இந்த மலைக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கிறது, மேலும் ஊட்ட வேண்டாம் என்று பணிவாகவே சொன்னார். நாம் புன்னகை செய்து, திட்டத்தின் பயனை அவருக்கு விளக்கினோம். அவ்வாண்டு ஐப்பசி மழையில் ஒரே இரவில் அச்சரிவு இறங்கிற்று. இரண்டு மாட்டுக் கொட்டகைகள் மண்ணுக்குள் போயின. உயிர்ச்சேதம் இல்லை என்பது நம் திறமையால் அன்று. மாடுகளை முதல் நாளே அவிழ்த்துக் கொண்டுபோன அம்முதியவரின் முன்னறிவால். மறுநாள் காலையில் அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. அன்று முதல், மலையில் எந்த வேலைக்கும் கையெழுத்திடுமுன் அந்த மண் நீரை எப்படி வாங்குகிறது, எங்கே விடுகிறது என்று ஊராரைக் கேட்பதை வழக்கமாகக் கொண்டோம்.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை எவை?

முதலாவது, உங்கள் நிலத்தை நீங்களே சோதித்துப் பாருங்கள். சரிவு மிகாத விளைநிலத்தில் ஒன்றரை அடி ஆழத்திற்கு ஒரு குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்தபின் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓரங்குலத்திற்குக் குறையாமல் இறங்கினால் வடிகால் நன்று. குறைந்தால் மேல்மண் கெட்டித்துவிட்டது. தொழு உரமும் பசுந்தழையும் வேண்டும் என்று பொருள்.

இரண்டாவது, மண் ஆய்வு செய்துகொண்டு, அது சொல்லும் அளவிற்கே சுண்ணாம்பு இடுங்கள். அளவு மிஞ்சினால் கிழங்கில் சொறி நோய் காணும். தேயிலைக்குப் புளித்த மண்ணே ஏற்றது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மணிச்சத்தை நிலமெங்கும் தூவாமல், மட்கிய எருவுடன் கலந்து வேருக்கு அருகில் இடுவது சிக்கனமாகும்.

மூன்றாவது, சரிவிற்கேற்ற பயிர். நூறடி தூரத்திற்கு 33 அடி வரை உயரும் சரிவுகளில் படித்தளம் அமைத்துக் காய்கறி பயிரிடலாம். அதற்கும் செங்குத்தான இடங்களைத் தேயிலைக்கோ, பழ மரங்களுக்கோ, புல்லுக்கோ விட்டுவிடுவதே நன்று. படித்தளம் மலைப்பக்கமாக உட்சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மிகுதி நீர் உட்புறக் கால்வாயில் சேர்ந்து, பக்கவாட்டில் புல் வளர்த்த வடிகாலுக்குச் செல்லும். நீர் நின்றால் கிழங்கு அழுகும் என்ற அச்சத்தால் மேலிருந்து கீழாகப் பார் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அச்சம் நியாயமானதே, வழிதான் தவறு. பாரைச் சரிவின் குறுக்கே, சிறிதளவு வாட்டத்துடன் பிடித்தால் நீரும் வடியும், மண்ணும் நிற்கும்.

நான்காவது, படித்தளங்களின் கரைச்சுவர்களில் புல் வளருங்கள். அது மாட்டுக்குத் தீவனம், மண்ணுக்கு வேலி. கிழங்கு தோண்டும் நாளில்தான் மண் மிகவும் குலைந்திருக்கும். அதை அடுத்து வடகிழக்குப் பருவமழை வருகிறது. அந்த இடைவெளியில் நிலத்தை வெறுமையாக விடாமல், விரைவில் படரும் பசுந்தாள் பயிரையேனும் விதைத்து மூடுங்கள்.

ஐந்தாவது, பருவமழைக்கு முன் ஊர் கூடி ஓடைகளையும் சாலை வடிகால்களையும் தூய்மை செய்யுங்கள். சரிவில் புதிய வெடிப்போ, சாய்ந்த மரமோ, ஊற்று நீர் திடீரெனக் கலங்கலாக வருவதோ கண்டால், இரவென்றும் பாராமல் வீட்டை விட்டு வெளியேறி, பின்னர் எமது அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். மனு எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

தடுப்புச் சுவர் கேட்டவர்களுக்கு ஒரு சொல். தேவையான இடத்தில் சுவர் கட்டித் தருவது அலுவலகத்தின் கடமை. அதிலிருந்து நாம் நழுவப் போவதில்லை. ஆனால் நீருக்கு வழி விடாத சுவர், நிறைந்த குடத்திற்கு இட்ட மூடியே ஆகும். சுவருக்கு முன் வடிகால், வடிகாலுக்கு முன் புல் என்ற வரிசையிலேயே இனி நமது வேலைகள் அமைய வேண்டும். இவ்வரிசை தவறுமாயின், மதிப்பீடு தயாரிக்கும்போதே எம்மைத் தட்டிக் கேளுங்கள். புன்னகை செய்துவிட்டுப் போகமாட்டோம். உங்களோடு சரிவில் ஏறி வந்து பார்ப்போம்.

ஓரங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் செல்லும். அதை இழக்க ஒரு மழை போதும். எதிரே உள்ள கரையில் அந்த இரண்டடிக் கருமையை இன்று கண்டீர்கள். நம் பேரப்பிள்ளைகளும் இதே இடத்தில் நின்று அதை அளந்து பார்க்கும்போது, அது இரண்டடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்கான வேலையை இப்பருவத்திலேயே தொடங்குவோமாக.