பிள்ளைக்கு மூக்கு அடைத்தால்
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளப் பிரச்சினையைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதைத் தலைவர் பேசுவார். நான் பேச வந்தது கைப்பிள்ளையின் மூக்கைப் பற்றி. சிரிக்க வேண்டாம். இதுவும் சங்க வேலைதான் என்பது கடைசியில் விளங்கும்.

இங்கே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாலும் நான் பிறந்தது கல்முனைக்குப் பக்கத்தில், மருதமுனையில். எங்கள் பக்கம் கார்த்திகை, மார்கழியில் மாரி மழை விடாமல் ஊற்றும். என் மூத்த மகனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அப்படி ஒரு மாரி இரவில் மூக்கு அடைத்துவிட்டது. பாலில் வாய் வைப்பான், இரண்டு இழுப்பு இழுப்பான், விட்டுவிட்டு அழுவான். உம்மா மூக்கில் விடத் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கினார். பக்கத்து வீட்டு மாமி கற்பூரம் கொண்டுவந்தார். அடுத்த தெருவில் இருந்த மிட்வைப் மிஸ் வந்து இரண்டையும் நிறுத்தினார். அன்று அவர் காட்டித் தந்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் சில மாதங்களில் பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் குடிக்கவும் முடியாது, நித்திரையும் வராது. தடிமன் வைரஸால் வருவது. அன்ரிபயற்றிக் மருந்து அதற்கு வேலை செய்யாது. பத்து நாள் அளவில் தானாக மாறும். அதுவரை பிள்ளை பால் குடிக்கவும் மூச்சு விடவும் உதவுவதுதான் நம் வேலை.

அதற்கு உப்புத் தண்ணீர் போதும். பாமசியில் சேலைன் மூக்குச் சொட்டு என்று கேட்டு வாங்கலாம். இல்லாவிட்டால், நன்றாகக் கொதித்து ஆறிய 240 மில்லிலீற்றர் தண்ணீரில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். அளவு கூடினால் மூக்கு எரியும். தினமும் புதிதாகச் செய்யுங்கள், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளையை மல்லாத்திப் பிடித்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, இளகி வரும் சளியை ஈரமான மெல்லிய துணியால் துடையுங்கள். பஞ்சுக்குச்சியை உள்ளே விடவே கூடாது. பால் கொடுக்க முன்னும் படுக்க வைக்க முன்னும் இப்படிச் செய்தால் போதும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். விழித்திருக்கும்போது தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். நித்திரைக்கு மல்லாத்தியே படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம்.

இனி, செய்யக்கூடாதவை. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். கற்பூரமோ மெந்தோலோ சேர்ந்த தைலத்தைக் கைப்பிள்ளைக்குப் பூசக்கூடாது, அது மூச்சையே தடுக்கலாம். கொதிநீரில் வேது பிடிக்கப் போய்ப் பிள்ளை வெந்துவிடும். ஒரு வயது ஆகும்வரை தேன் ஒரு துளியும் வேண்டாம். பெரியவர்களின் இருமல் பாணியைக் குறைத்துக் கொடுப்பதும் வேண்டாம். குளிக்க வார்த்தபின் போடும் சாம்பிராணிப் புகையை நிறுத்துங்கள். லயத்துக் காம்பராவில் அடுப்பும் தொட்டிலும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது எனக்குத் தெரியும். அடுப்பு எரியும் நேரத்திலாவது பிள்ளையை இஸ்தோப்பில் வைத்திருங்கள். பீடி, சிகரட் வெளியில்தான். ஆம்பிளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ வந்தால் அது வெறும் தடிமன் அல்ல. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்காவிட்டாலும், முனகினாலும், உதடு நீலித்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பியும் எழும்பாவிட்டாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படியே. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் காசில்லாமல் வரும். அந்த இலக்கத்தைக் கதவில் எழுதி வையுங்கள்.

இப்போது சங்க விடயத்துக்கு வருகிறேன். அடிக்கடி பால் கொடுங்கள் என்று சொல்வது லேசு. மலையில் கொழுந்து எடுக்கும் தாய்க்கு அது எப்படி முடியும்? போன மாதம் ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னாள்: "டீச்சர், பிள்ளைக் காம்பராவுக்குப் போய் வந்தால் நிறை குறையும், அரைப் பேர்தான் விழும். அதனால் போகவில்லை." அன்று முழுவதும் அந்தப் பிள்ளை அடைத்த மூக்கோடு போத்தலோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

தங்கச்சிமாரே, 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் தலா அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதற்குப் புறம்பு. இது துரை செய்யும் தயவல்ல, உங்கள் உரிமை.

மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம். திகதி, நேரம், மறுத்தவர் பெயர் மூன்றையும் கொப்பியில் எழுதி மாதர் தலைவியிடம் கொடுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் நாங்கள் பேசுவோம். சரிவராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போவோம். எழுதத் தெரியாதவர்கள் பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

உப்புத் தண்ணீர் மூக்கைத் திறக்கும். பால் கொடுக்கிற நேரத்தைச் சங்கம் வாங்கித் தரும். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளை வயிறு நிறையும்.