ஊருக்கும் பெருநகருக்கும் நடுவே

(விழாப் பேரவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சமணர் நெடுங்காலம் உழவை நம்பி வாழ்ந்த மக்கள். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் ஜினாலயத்தை ஒட்டிய தெரு, தெருவின் இருபுறமும் நயினார் வீடுகள், அப்பால் நெல்லும் மணிலாவும் விளையும் நிலம் என்று அவர்தம் வாழ்வு அமைந்திருந்தது. இன்று அத்தெருக்களில் பூட்டிய வீடுகள் பல. சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றோரைப் பற்றி மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம், திருவண்ணாமலை போன்ற நடுத்தர நகரங்களில் குடியமர்ந்தோரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. காஞ்சிபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வாழ்வை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி காஞ்சிபுரம் நகராட்சியில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,64,000 பேர். 2021இல் அது மாநகராட்சியாக உயர்ந்தது. ஆயினும் நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருசக்கர வண்டியில் அரைமணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். வந்தவாசியிலிருந்து பேருந்தில் வருவதற்கும் நெடுநேரம் ஆவதில்லை. பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம், அரசு அலுவலகப் பணி, ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் வேலை ஆகியவையே குடும்பங்களை இங்கே அழைத்து வருகின்றன.

குடியேறும் குடும்பம் முதலில் எதிர்கொள்வது வீட்டு உரிமையாளரின் கேள்வியை. "என்ன வகை?" என்று கேட்பவரிடம் "ஜைனர்" என்று விடை கூறினால், "சேட்டா? தமிழ் இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே!" என்னும் வியப்பு எழுகிறது. ஊரில் "நயினார் வீடு" என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. நகரிலோ, வடநாட்டிலிருந்து வணிகத்திற்காக வந்தவரே ஜைனர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. தமிழையே தாய்மொழியாகக் கொண்டு இம்மண்ணிலேயே வாழ்ந்து வரும் சமணரும் உளர் என்பதைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் அண்டை வீட்டிலும் பன்முறை எடுத்துரைக்க வேண்டியதாகிறது. வினவும் சிறுவனுக்கு விடை கூறத் தன் பிள்ளைக்குத் தெரியவில்லை என்பதை ஒரு தாய் அறியும் நாளில்தான் ஊர் தானாகக் கற்பித்தது எவ்வளவு என்பது புலனாகிறது.

ஆம், ஊரில் பல அறங்கள் தாமாகவே நடைபெற்றன. அந்தி சாயுமுன் தெரு முழுவதும் உண்டு முடித்துவிடும்; ஒரு வீட்டார் மட்டும் மறக்க இயலாது. கிணற்று நீரைத் துணியில் வடிகட்டிய பின், துணியில் தங்கியதை மீண்டும் அக்கிணற்றிலேயே சேர்ப்பர். அச்செயல் குடிப்பவரின் நலனுக்காக மட்டும் அன்று. நீரில் வாழும் நுண்ணுயிர்களின் நலனுக்காகவும் தான். நகரில் நீர் குழாயிலும் கேனிலும் வருகிறது. "இயந்திரமே வடிகட்டிவிடுகிறதே, துணி எதற்கு?" என்று பேரன் வினவும்போது பாட்டியாரின் விடை நோய்க்கிருமியைப் பற்றியதாக இருந்துவிட்டால், செயலின் பொருள் அவ்வீட்டில் மறைந்துவிடும்.

இரவுண்ணாமையை எண்ணிப் பார்க்கலாம். கார்த்திகையில் இப்பகுதியில் மாலை 5.40 மணியளவில் கதிரவன் மறைகிறான், ஆனியில் 6.35 மணியைக் கடந்து மறைகிறான். அரசு அலுவலகங்களின் பணி நேரம் முடிவது 5.45 மணிக்கு. கோடையில் அலுவலகத்திலிருந்து நேராக வீடு திரும்பினால் பகலொளியிலேயே உண்டுவிட முடியும். சென்னையில் பேருந்திலும் மின்தொடர்வண்டியிலும் நெடுநேரம் செலவிடுவோர்க்கு இது அரிது. இவ்வகையில் நடுத்தர நகரம் அளிக்கும் பெருங்கொடை நேரமே. பனிக்காலத்தில் அதுவும் போதாது. ஐந்து மணிக்கு அலுவலகத்திலேயே உணவுப்பெட்டியைத் திறக்கும் மனத்துணிவு வேண்டும். தொழிற்சாலையில் முறைப்பணி செய்யும் இளைஞர்க்கு இது இன்னும் கடினம். இயலாத நாளில் இயலாது என்பதை உணர்ந்து, விடுமுறை நாளிலேனும் கடைப்பிடிப்பது, முற்றிலும் கைவிடுவதினும் மேலானது. வெங்காயமும் கிழங்கும் இன்றிச் சமைப்பதிலும் இதே நிலைதான். வீட்டில் அது எளிது; விடுதி உணவிலும் விருந்திலும் ஒவ்வொரு முறையும் சொல்லிக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

காஞ்சிக்கு வருவோர்க்கு வேறொரு பேறும் உண்டு. நகரை ஒட்டி, வேகவதிக் கரைப் பகுதியில் ஜினகாஞ்சி எனப் போற்றப்படும் திருப்பருத்திக்குன்றம் அமைந்துள்ளது. அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபத்தை எழுப்பியவர் விசயநகர அரசில் உயர்பதவி வகித்த இருகப்பர். தம் ஆசிரியராகிய புட்பசேன முனிவரின் சொற்படி 1387-88இல் அவர் அதனைச் செய்வித்தார். மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. ஆட்சிப்பணியின் சுமைகளுக்கிடையே வாழ்ந்த ஓர் இல்லறத்தார் விட்டுச்சென்ற பணி இது. "வேலைக்கு ஓடுவதற்கே நேரம் போதவில்லை" என்று கூறும் இக்காலத்தார் அம்மண்டபத்தில் சிறிது நேரம் அமர்ந்து எண்ணுதல் நலம். பட்டுச்சேலை வாங்க வெளியூர்களிலிருந்து காந்தி ரோட்டிற்கு வருவோர் பலர். அதே நகரில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தும் திருப்பருத்திக்குன்றத்திற்கு ஆண்டிற்கொருமுறை மட்டுமே செல்லும் குடும்பங்களும் உள்ளன என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இனி, விட்டுவந்த ஊர். வயல் குத்தகையில் இருக்கிறது. வீட்டுச் சாவி அடுத்த வீட்டில் இருக்கிறது. ஆலயத்தில் நாள்தோறும் அபிஷேகம் செய்யும் உபாத்தியாயர் தனியே நிற்கிறார். தெருவில் பத்து வீடுகள் திறந்திருந்த காலத்தில் எண்ணெயும் பாலும் தாமாக வந்தன; இரண்டு வீடுகள் மட்டும் திறந்திருக்கையில் ஒருவர் நோயுற்றாலும் விளக்கு ஐயத்திற்குரியதாகிறது. அமெரிக்காவில் வாழ்பவர் பணம் அனுப்பலாம். வந்து நின்று திரி இட இயலாது. காஞ்சியில் வாழ்பவரால் இயலும். காலையில் புறப்பட்டால் பூசையில் கலந்து, குத்தகைக் கணக்கைப் பார்த்து, இருட்டுமுன் திரும்பிவிடலாம். ஆனால் அருகில் இருப்பதே சில நேரம் பகையாகிறது. "எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்ற எண்ணத்தாலேயே மாதங்கள் கழிகின்றன. போகும் எண்ணம் இல்லாதவர்க்கு நாற்பது கிலோமீட்டரும் நாலாயிரம் கிலோமீட்டரும் ஒன்றே.

முதியோரின் நிலையையும் மறத்தலாகாது. திண்ணையில் அமர்ந்து வருவோர் போவோரோடு உரையாடிய பெரியவர், மாடிவீட்டின் இரும்புக்கதவுக்குள் பகல் முழுவதும் தனித்திருக்கிறார். மருத்துவமனை அருகில் இருக்கிறது. பேசுவதற்கு ஆள் இல்லை. அவரை வாரம் ஒருமுறை ஆலயத்திற்கு அழைத்துச் செல்வதும், அதே நகரில் வாழும் மற்றொரு நயினார் குடும்பத்து முதியவரோடு சந்திக்கச் செய்வதும் மருந்தினும் மேலான தொண்டாகும்.

நடுத்தர நகரில் உயர்ந்த ஊதியமுள்ள வேலைகள் குறைவு. எனவே ஊரிலிருந்து வந்த தலைமுறை இங்கே நிலைத்தாலும், அவர்தம் பிள்ளைகள் படித்து முடித்ததும் பெருநகரங்களுக்குப் புறப்படுவர். காஞ்சி பலருக்கு ஒரு தலைமுறைக்கான தங்குமிடமே. அப்பிள்ளைகளுடன் ஊர்த்தெருவும் செல்லாது, நகரின் ஆலயமும் செல்லாது. பதினைந்து ஆண்டுகள் இந்த வாடகை வீட்டில் கண்டு பழகியதே செல்லும்.

ஆகவே குடியேறிய குடும்பங்கள் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். வீடு தேடும்போதே ஆலயத்திற்குச் செல்லும் வழியையும் கருதுதல் முதலாவது. சொந்த ஊர் ஆலயத்தின் பூசைக்கு மாதத்தில் ஒரு நாளை முன்கூட்டியே குறித்து, பிள்ளைகளுடன் செல்லுதல் இரண்டாவது. நகரில் வாழும் சமணக் குடும்பங்கள் முறைவைத்து ஒருவர் இல்லத்தில் கூடிப் பகலொளியில் சேர்ந்து உண்ணுதல் மூன்றாவது. ஊர் தானாகச் செய்ததை நகரில் முயன்று செய்ய வேண்டியிருக்கிறது. முயன்று செய்யும் அறத்தின் பொருளைச் செய்பவர் அறிந்தே செய்கிறார்.

பூட்டிய வீடுகள் மீண்டும் திறக்குமோ என்பதற்கு விடை எளிதன்று. திறந்திருக்கும் ஆலயம் பூட்டப்படாமல் காப்பது, ஒரு மணிநேரத் தொலைவில் வாழ்பவர் கையில் இருக்கிறது.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!