டி.சி. வாங்குவதற்கு முன் ஒரு மஷூரா

(திருவொற்றியூரில் நடைபெற்ற கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

  

 

கல்வியின் சிறப்பைப் பற்றி ஹஜ்ரத் அவர்கள் அழகாகப் பேசினார்கள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் பேச வந்தது ஒரு காகிதத்தைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் வாங்குகிறோமே, டி.சி., அதைப் பற்றி.

ஒவ்வொரு மே மாதமும் நம் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களில் ஒரு வகை உண்டு. "பிள்ளை இதுவரை கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்தான். இந்த வருடம் மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்க்கிறோம். கட்டணத்துக்கு உதவ வேண்டும்." சிலர் ஆறாம் வகுப்பில் மாற்றுகிறார்கள், சிலர் ஒன்பதில், சிலர் பதினொன்றில். கேட்பவர் யார்? கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், துறைமுகத்தில் லோடு இறக்குபவர், காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர், வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் தாய். நகையை வங்கியில் வைத்துவிட்டு, மீதித் தொகைக்கு நம்மிடம் வருகிறார்கள்.

அவர்கள் சொல்லும் காரணங்களைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆங்கிலம் வரவேண்டும். சேர்க்கை கெட்டுவிடக் கூடாது. பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும், ஹிஜாபோடு போகச் சங்கடம் இருக்கக் கூடாது. இவையெல்லாம் நியாயமான கவலைகள். ஆனால் அந்த டி.சி.யோடு சேர்த்து எதை விட்டுவிட்டு வருகிறோம் என்று பலருக்கு யாரும் சொல்வதில்லை. அது தெரியவருவது ஆறு வருடம் கழித்து, கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் நாளில்.

விஷயம் இதுதான். 2020-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஹோமியோபதி போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. நீதியரசர் கலையரசன் குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்த சட்டம். அதற்கு முன்பு அரசு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடமே எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்காக ஒதுக்கப்பட்டன. 2021-இல், நீதியரசர் முருகேசன் குழுவுக்குப் பிறகு, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே 7.5 விழுக்காடு வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஏழு ஆண்டும், அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடங்கும். ஏழில் ஒரு ஆண்டு தனியாரில் கழிந்தாலும் அந்த வாசல் மூடிவிடும். பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு, அதற்கு முன்பு அரசுப் பள்ளியில் படித்த ஐந்து ஆண்டுகள் கணக்கில் வராது.

நம் சமுதாயத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருப்பது உங்களுக்குத் தெரியும். அரசுப் பள்ளிக்கான 7.5 விழுக்காட்டுக்குள்ளும் அந்தச் சமூகவாரி முறை உண்டு. அதாவது, அரசுப் பள்ளியில் படித்த லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத் வீட்டுப் பிள்ளை மாநிலம் முழுக்க எல்லோரோடும் போட்டி போட வேண்டியதில்லை. தன்னைப் போன்ற பள்ளியில், தன்னைப் போன்ற வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளோடுதான் போட்டி.

அடுத்தது மாத உதவித்தொகை. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட இடம் எது தெரியுமா? நம் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். மூன்று வருடப் பட்டத்துக்கு 36,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த மாத உதவி உண்டு. ஆனால் 7.5 விழுக்காட்டில் உதவி பெறும் பள்ளி சேராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பள்ளியின் பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. அண்ணா சாலையில் இருக்கும் மதரஸா-இ-ஆஸம் பெயரில் மதரஸா, ஆனால் அது அரசு மேல்நிலைப் பள்ளி. பல பழைய பள்ளிகள் பார்வைக்கு அரசுப் பள்ளி போல இருக்கும், உண்மையில் உதவி பெறும் பள்ளி. சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்: "இது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா?" கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை இலவசமாகப் படித்த பிள்ளை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், 7.5 விழுக்காட்டுக்குத் தகுதி உண்டு. எட்டாம் வகுப்போடு அந்த இலவசம் முடிந்ததும் "இனி கட்டணம் கட்டியாவது அங்கேயே தொடரட்டும்" என்று கடன் வாங்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே நம்மவர்கள் நடத்தும் சிறுபான்மைப் பள்ளியில் கட்டணச் சலுகையோடு எட்டு வரை படித்தால், அது கல்வி உரிமைச் சட்ட இடம் ஆகாது.

நம் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அத்தா கன்டெய்னர் யார்டில் வேலை. மகள் எட்டு வரை மாநகராட்சிப் பள்ளியில் நன்றாகப் படித்தாள். ஒன்பதில் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். நான்கு வருடம் கட்டணம், வேன், புத்தகம், சீருடை. தாயின் வளையல் போனது. பிள்ளை குறை வைக்கவில்லை, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். பொறியியல் விண்ணப்பம் போடும் உதவி மையத்தில், "ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா?" என்று கேட்டார்கள். "எட்டு வரை மட்டும்" என்றாள். அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று பதிவானது. இடம் கிடைக்காமல் போகவில்லை. கிடைத்தது, கட்டணத்தோடும் விடுதிச் செலவோடும் கிடைத்தது. வளையல் போன வீட்டில் அடுத்து எதை வைப்பது? மாற்றிய பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பாசத்தோடு செய்தார்கள். கையில் தகவல் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து, மதரஸாவில் படித்தவன் என்ற உரிமையோடு ஒன்று சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடித்த பையனை ஹிஃப்ழுக்கு அனுப்புகிறோம். மூன்று வருடத்தில் ஹாஃபிழ் ஆகித் திரும்புகிறான். மாஷா அல்லாஹ், அதைவிடப் பெரிய பாக்கியம் என்ன! பிறகு வயதுக்கேற்ப ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்க்கிறோம். அவனுக்கு ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அரசுப் பள்ளியின் பொனஃபைடு சான்றிதழ் இருக்காது. ஹிஃப்ழைக் கைவிடச் சொல்லவில்லை, நஊது பில்லாஹ். பள்ளிப் பதிவு அறுந்துபோகாமல், பகலில் அரசுப் பள்ளியும் ஃபஜ்ருக்குப் பின்னும் மாலையிலும் ஹிஃப்ழுமாக நடத்த முடியுமா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் யோசிக்க வேண்டும். சில வருடம் கூடுதலாகப் பிடிக்கும். பிடிக்கட்டுமே.

படித்த பள்ளியைப் பார்த்து இடம் கொடுப்பது இங்கே மட்டும் உள்ள வழக்கமல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997-இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டில் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் என்றார்கள். ஏழைப் பகுதிப் பள்ளியில் முதலில் வந்தவனும், பணக்காரப் பகுதிப் பள்ளியில் முதலில் வந்தவனும் ஒரே வாசலில் நின்றார்கள். குறைந்த வசதியில் வாங்கிய மதிப்பெண்ணுக்குத் தனி எடை உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்டு வருகிறது.

அதற்காக எல்லோரும் நாளைக்கே மாநகராட்சிப் பள்ளிக்கு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து அரசுப் பள்ளியில் நீங்கள் விரும்பும் பாடப்பிரிவு இல்லாமல் இருக்கலாம். பிள்ளைக்கு அங்கே உண்மையான தொல்லை இருக்கலாம். அப்படியானால் மாற்றுங்கள், முதலில் வேறொரு அரசுப் பள்ளியைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஆங்கிலம்தான் காரணம் என்றால், மாநகராட்சிப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் இருக்கின்றன. தனியாருக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு மாலையில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் நல்ல டியூஷன் வைக்கலாம்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். 3.5 விழுக்காடு உங்கள் பிள்ளைக்கு அப்படியே இருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு வழியாகச் சேரும் பொறியியல் இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. தாலுகா அலுவலகச் சான்றிதழை இப்போதே வாங்குங்கள். பாரதி மகளிர் கல்லூரி, ஆர்.கே. நகர் அரசுக் கலைக் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி எல்லாம் நம் பேருந்துத் தூரத்தில் இருக்கின்றன.

நம் நிர்வாகக் குழு மஷூரா செய்து ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாறக் கட்டண உதவி கேட்டு வரும் குடும்பத்தோடு, பணம் வழங்குவதற்கு முன், அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவோம். அத்தா, அம்மா, பிள்ளை மூவரும் வரவேண்டும். நான்கு கேள்விகள் கேட்போம். ஏன் மாற்றுகிறீர்கள்? வேறு அரசுப் பள்ளி பார்த்தீர்களா? பன்னிரண்டு வரை கட்டணத்துக்கு வழி என்ன? கல்லூரியில் எதை இழப்பீர்கள் என்று தெரியுமா? நான்குக்கும் பதில் சொல்லிவிட்டு, "இருந்தாலும் மாற்றுகிறோம்" என்றால், முடிவு உங்களுடையது. விண்ணப்பம் வழக்கம்போல் பரிசீலிக்கப்படும். ஆனால் ஸகாத் பணம் அமானத். அது ஒரு பிள்ளையின் வாசலைத் திறக்கத்தான் பயன்பட வேண்டும்.

அரசுப் பள்ளியிலேயே தொடரும் பிள்ளைகளுக்கு டியூஷன், நீட் பயிற்சி, விண்ணப்பச் செலவு ஆகியவற்றுக்கு உதவ இன்ஷா அல்லாஹ் ஏற்பாடு செய்கிறோம்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வேலை. வீட்டில் ஒரு ஃபைல் போடுங்கள். பள்ளி மாறும்போதெல்லாம் அங்கே படித்த வகுப்புகளுக்கு பொனஃபைடு சான்றிதழை அன்றே வாங்கி அதில் வையுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், எமிஸ் எண், மூன்றும் கூடவே இருக்கட்டும். விண்ணப்பம் போடும் வாரத்தில் தலைமையாசிரியரைத் தேடி அலைய வேண்டி வராது.

இந்த எண்ணூர் புகையிலும் துறைமுகத் தூசியிலும் உழைக்கும் பெற்றோரின் வியர்வை வீண்போகாமல் இருக்கட்டும். நம் பிள்ளைகளைப் பயனுள்ள கல்வி பெற்றவர்களாக, தீனுக்கும் நாட்டுக்கும் நன்மை செய்பவர்களாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.