மொழிக் குடும்பங்களும் மொழிச் சமத்துவமும்

(கட்சிக் கல்வி வகுப்பில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்திய மொழிகள் அனைத்தும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்ற பேச்சு, பள்ளி விழா மேடைகளிலிருந்து ஆட்சியாளர்களின் உரைகள் வரை இன்று ஓயாமல் ஒலிக்கிறது. உலக மொழிகள் அனைத்தும் தமிழிலிருந்தே பிறந்தவை என்ற பேச்சும் மற்றொரு பக்கம் கேட்கிறது. முதலாவதன் பின்னால் அரசதிகாரம் நிற்கிறது. இரண்டாவதன் பின்னால் அந்த அதிகாரத்தால் சீண்டப்பட்டவர்களின் கோபம் நிற்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது நியாயமாகாது. ஆயினும் இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. மொழிகளுக்கு இடையிலுள்ள உறவை, உயர்ந்தது தாழ்ந்தது என்ற தகுதி வரிசையாக அவை மாற்றிவிடுகின்றன. மொழிக் குடும்பம் என்று மொழியியல் கூறுவது இதுவன்று. அது கூறுவது என்ன என்பதைக் கட்சி ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

உறவை அறியும் முறை

இரு மொழிகளில் சில சொற்கள் ஒத்து ஒலிப்பதால் மட்டும் அவை உறவு மொழிகள் ஆகிவிடா. சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவை போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். இதைக் கொண்டு தமிழும் போர்த்துக்கீசியமும் ஒரே குடும்பம் என்று எவரும் கூறுவதில்லை. பண்டங்களோடும் வழிபாட்டோடும் ஆட்சியோடும் சொற்கள் பயணம் செய்கின்றன. கடன் வேறு, பிறப்பு வேறு என்ற தெளிவு தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனத் தொல்காப்பியம் சொற்களைப் பிரித்துக் காட்டியது.

உறவை நிறுவுவதற்கு மூன்று சான்றுகள் வேண்டும். உடலுறுப்பு, எண், மூவிடப் பெயர் போன்ற அடிப்படைச் சொற்கள் ஒத்திருக்க வேண்டும். வேற்றுமை உருபு, வினை விகுதி முதலிய இலக்கணக் கூறுகள் ஒத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலி வேறுபாடுகள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

தமிழில் பால், புலி, பல், பெயர், போ. கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு, ஹெசரு, ஹோகு. சொல்லின் முதலில் தமிழில் பகரம் நிற்குமிடத்தில் கன்னடத்தில் ஹகரம் நிற்கிறது. பழங்கன்னடத்தில் அங்கே பகரமே இருந்தது. ஆகவே மாறியது கன்னடம் என்பது விளங்குகிறது.

இனி மற்றொரு சொல். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியிலும், ஜார்க்கண்டின் ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழியிலும் காதைக் குறிக்கும் சொல், தொண்டையில் உரசி ஒலிக்கும் ககரத்துடன்தான் தொடங்குகிறது. மூல மொழியில் இருந்தது ககரம். இகர எகரங்களுக்கு முன்னால் அதைச் சகரமாக்கியது தமிழ். இவ்விடத்தில் பழமையைக் காத்து நிற்பவை கன்னடமும், ஏட்டில் ஏறாத மலைவாழ் மக்களின் மொழிகளுமே. தமிழ் தொன்மையான இலக்கிய வளம் கொண்ட மொழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது இக்குடும்பத்தின் தாயன்று. தாயாகிய மூலத் திராவிட மொழி எழுத்தில் எஞ்சவில்லை. ஒப்பீட்டின் வழியாக மட்டுமே அதை உய்த்துணர முடிகிறது.

வடமொழிக்கும் இதே விதி பொருந்தும். 1786இல் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் கூட்டத்தில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை பலமுறை மேற்கோளாகக் காட்டப்படுகிறது. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும், அந்த மூலம் இன்று இல்லாமலும் போயிருக்கலாம் என்பதே அவர் கூறியதன் சாரம். அதாவது சமஸ்கிருதமும் ஒரு சகோதரி மொழியே.

தென்னக மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று ஐரோப்பிய அறிஞர் பலர் அக்காலத்தில் எழுதினர். சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லீஸ், 1816இல் கேம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலில் சேர்த்த குறிப்பில் இதை மறுத்தார். தற்சமம், தற்பவம், தேசியம் என்று தெலுங்கு மரபு செய்திருந்த பாகுபாடும், தெலுங்கு அறிஞர் மாமிடி வெங்கய்யாவின் எழுத்தும் அவருக்குச் சான்றாக அமைந்தன. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1856இல்.

நாட்டின் மொழிகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 78.05 சதவீதத்தினர் இந்தோ-ஆரிய மொழிகளையும், 19.64 சதவீதத்தினர் திராவிட மொழிகளையும், 1.11 சதவீதத்தினர் ஆஸ்திரோ-ஆசிய மொழிகளையும், 1.01 சதவீதத்தினர் திபெத்திய-பர்மிய மொழிகளையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அந்தமான் தீவுகளின் பழங்குடி மொழிகள் இந்த நான்கிலும் அடங்காதவை.

சதவீதத்தில் சிறியவை வரலாற்றில் சிறியவை அல்ல. சந்தாலி மொழியில் மூன்றும் நான்கும் பே, போன். வியட்நாமிய மொழியில் பா, போன். கம்போடியாவின் கெமர் மொழியில் பெய், புவோன். சித்துவும் கானுவும் 1855இல் எழுச்சிக்கு மக்களைத் திரட்டிய மொழியும் ஹோ சி மின்னின் தாய்மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ராஞ்சியில் பேசப்படும் குருக் மொழி தமிழுக்கு உறவு. அதே ராஞ்சியில் பேசப்படும் முண்டாரி மொழி கெமருக்கு உறவு. மாநில எல்லைகளும் நாட்டின் எல்லைகளும் மொழிக் குடும்பங்களின் எல்லைகள் அல்ல.

மொழி வேறு, குருதி வேறு

இங்குதான் ஒரு பெரும் ஆபத்தும் பிறந்தது. மொழிக் குடும்பத்தின் பெயராகிய ஆரியம், இனத்தின் பெயராகத் திரிக்கப்பட்டது. தாம் ஆரியர் என்று கூறுவது மொழியைக் குறித்தேயன்றிக் குருதியையோ மண்டையோட்டையோ குறித்தன்று என்று மாக்ஸ் முல்லர் 1888இல் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பலனளிக்கவில்லை. அத்திரிபை நாஜிகள் எங்கே கொண்டுசென்று முடித்தனர் என்பதை உலகம் அறியும்.

மக்கள் மொழியை மாற்றிக்கொள்கிறார்கள். பல மொழிகளை ஒருங்கே பேசுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்திலுள்ள குப்வாட் என்ற ஊரைக் கும்பெர்ஸ், வில்சன் என்ற இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1971இல் எழுதினர். அவ்வூரில் சமண விவசாயிகள் கன்னடமும், முஸ்லிம் விவசாயிகள் உருதுவும், தலித் மக்கள் மராத்தியும் வீட்டில் பேசினர். வயலிலும் சந்தையிலும் நாள்தோறும் கலந்து பேசியதன் விளைவாக இம்மொழிகளின் வாக்கிய அமைப்பு மிகவும் நெருங்கிவிட்டது. சொல்லுக்குச் சொல் மாற்றினாலே ஒரு மொழியின் வாக்கியம் மற்றொரு மொழியின் வாக்கியமாகிவிடும் நிலை அங்கே உருவாகியிருந்தது. சொற்கள் மட்டும் தத்தம் குடும்பத்தை விட்டு விலகவில்லை. இந்தியா முழுவதும் ஒரு மொழியியற் பரப்பு என்று எமனோ 1956இல் கூறியதன் பொருளும் இதுவே. ரிக்வேத மொழியிலேயே காணப்படும் டகர, ணகர ஒலிகள் இக்கலப்பின் தொன்மைக்குச் சான்றாகக் கருதப்படுகின்றன. தூய மொழி என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை. உழைக்கும் மக்கள் கூடிவாழ்ந்த இடத்தில் அது இருக்கவும் முடியாது.

இடதுசாரி இயக்கம் கற்ற பாடம்

இத்துறையில் பிழை செய்தோர் வலதுசாரிகள் மட்டுமல்லர். சோவியத் நாட்டில் நிக்கோலாய் மார் என்ற மொழியியலாளரின் கோட்பாடு நீண்ட காலம் ஆதிக்கம் செலுத்தியது. மொழிக் குடும்பம் என்பதே முதலாளிய அறிவியலின் கற்பனை, மொழி என்பது பொருளாதார அடித்தளத்தின் மேற்கட்டுமானம், எல்லா மொழிகளும் சல், பெர், யோன், ரோஷ் என்ற நான்கு அசைகளிலிருந்து தோன்றியவை என்று அது கூறியது. மார்க்சியச் சொற்கள் பூசப்பட்டிருந்ததால் அதைக் கேள்வி கேட்டவர்கள் ஒடுக்கப்பட்டனர். 1950இல் பிராவ்தா ஏட்டில் விவாதம் திறக்கப்பட்டது. மொழி மேற்கட்டுமானமன்று, வர்க்கத்துக்கொரு மொழி இல்லை, ஸ்லாவிய மொழிகளின் உறவு மறுக்கவியலாதது என்று ஸ்டாலின் எழுதினார். மொழியியல் துறையில் விமர்சனம் நசுக்கப்பட்டதையும் அவர் சாடினார்.

எங்கெல்ஸ் பிராங்கிய வட்டாரவழக்கைக் குறித்துத் தாமே ஆய்வு செய்தவர். மொழியியலைப் புறக்கணித்த டூரிங்கை அவர் எள்ளி நகையாடினார். விருப்பத்துக்கு ஏற்பச் சான்றை வளைப்பது, அதை யார் செய்தாலும், மார்க்சியம் ஆகாது.

கணக்கில் மறையும் மொழிகள்

இந்த அறிவியல் இன்றைய அரசியலில் எங்கே தேவைப்படுகிறது? 2011 கணக்கெடுப்பில் இந்தி பேசுவோர் 52.83 கோடி என்று காட்டப்படுகின்றனர். இந்தியைத் தாய்மொழி என்று நேரடியாகக் குறிப்பிட்டவர்கள் 32.22 கோடிப் பேரே. எஞ்சிய இருபது கோடிக்கு மேற்பட்டோர் போஜ்புரி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி முதலியவற்றைத் தம் மொழியாகக் கூறியவர்கள். மைதிலி, மகஹி, போஜ்புரி மூன்றையும் ஒரே கிளையாகவும், வங்காளியோடும் ஒடியாவோடும் நெருங்கியவையாகவும் கிரியர்சன் தமது மொழியளவையில் வகைப்படுத்தினார். ஆனால் மைதிலி 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் எட்டாவது அட்டவணையில் தனி மொழியானது. அதன் உடன்பிறப்புகள் இரண்டும் இன்றும் இந்தியின் கணக்கில் நிற்கின்றன. இங்கே மொழியையும் வட்டாரவழக்கையும் பிரித்தது மொழியியல் அன்று, அரசியல்.

அட்டவணையிலுள்ள சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் 24,821 பேர். அட்டவணையில் இல்லாத பீலியைப் பேசுவோர் ஒரு கோடிக்கு மேல். கோண்டியைப் பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம். குருக் பேசுவோர் ஏறத்தாழ 20 லட்சம். கோண்டி மக்கள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், தெலங்கானா எனப் பல மாநிலங்களில் பிரிக்கப்பட்டுக் கிடக்கின்றனர். ஒவ்வொரு மாநிலத்திலும் வேறொரு மொழியே பள்ளியின் மொழி, காவல் நிலையத்தின் மொழி, நீதிமன்றத்தின் மொழி. வகுப்பறையில் முதல் நாளே ஊமையாக்கப்படும் குழந்தை படிப்பை விட்டு விலகுகிறது. தன் நிலத்தைப் பறிக்கும் ஆணை எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளதோ, அந்த மொழி அந்த விவசாயிக்குப் படிக்கத் தெரியாது.

கட்டாய அரசு மொழி எதற்கு என்று லெனின் 1914இல் கேள்வி எழுப்பினார். எந்த மொழிக்கும் தனிச் சலுகை கூடாது என்பதே அவருடைய நிலைப்பாடு. அந்நிலைப்பாடு தொன்மையையோ இலக்கிய வளத்தையோ பேசுவோர் தொகையையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை; பேசும் மனிதரின் உரிமையையே அளவுகோலாகக் கொண்டது.

எனவே இந்தித் திணிப்பை எதிர்க்கும் தமிழ்த் தோழர் ஒருவர், தமிழ் மூத்தது என்ற வாதத்தோடு நின்றுவிட்டால் கோண்டிக்கும் சந்தாலிக்கும் அவரிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மூப்பை உரிமைக்கு அடிப்படையாக்கினால், எழுத்தில்லாத மொழிக்கு உரிமையில்லை என்றாகிவிடும். எல்லா மொழிகளுக்கும் சம உரிமை, தாய்மொழியில் தொடக்கக் கல்வி, பழங்குடி மொழிகளுக்கு அட்டவணையில் இடம், மக்கள் கூறும் தாய்மொழியைக் கூறியவாறே பதிவு செய்யும் கணக்கெடுப்பு ஆகிய கோரிக்கைகளோடு சேர்த்து எழுப்பப்படும்போதுதான் தமிழின் உரிமைக்கான குரல் நாடு முழுவதிலும் தோழமை பெறும்.