கட்டாக்காலி விலங்குகளும் கற்றறிந்த தொழிலும்

நாய் பிடிப்பவரை ஊரார் ஏளனத்தோடு நோக்கிய காலம் ஒன்றிருந்தது. சுருக்குக் கயிறும் கூண்டு வண்டியும் இருந்தாற் போதும், அத்தொழிலுக்குக் கல்வி எதற்கு என்பதே பலரின் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை நேயர்கள் சற்றே சிந்தித்தல் வேண்டும்.

இலங்கையில் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்தற்கான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலும், விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. சட்டங்கள் முந்தின, அவற்றை அறிவோடு நிறைவேற்ற வல்லவரைப் பயிற்றும் எண்ணமோ பிந்தியே வந்தது.

நெடுங்காலம் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதே விசர்நோயை ஒழிக்கும் வழியெனக் கொள்ளப்பட்டது. 2006ஆம் ஆண்டில் அம்முறை கைவிடப்பட்டது. கருணை ஒன்றே இதற்குக் காரணமன்று. தெருவிற் குப்பையும் உணவும் கிடக்கும்வரை, கொல்லப்பட்ட நாயின் இடத்திற்கு வேறொன்று வந்து சேரும். தடுப்பூசி பெற்ற நாயும் கொல்லப்படுமாயின் ஊரின் காப்பே குறைந்துபோம். நூறு நாய்களுள் எழுபதுக்கேனும் தடுப்பூசி இடப்படின் நோய்ச் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்தும் உண்மை. ஆகவே இன்று வேண்டப்படுபவர் கொல்பவரல்லர். பிடித்து, ஊசியிட்டு, கருத்தடைச் சிகிச்சைக்கு உதவி, மீண்டும் விடத் தெரிந்தவரே.

அவர் கற்கவேண்டுவன பல. காதும் வாலும் நிற்கும் நிலைகண்டு, அஞ்சிய நாய் எது, பாயவிருக்கும் நாய் எது என உணர்தல் வேண்டும். வலையால் நோகாது பிடித்தல் வேண்டும். தம் உடலுக்குரிய தடுப்பூசியை முன்னரே பெறுதல் வேண்டும்.

ஒரு சிறுவனை நாய் கடித்ததென வைத்துக்கொள்வோம். பயிற்சியற்றவர் சினங்கொண்டு அந்நாயை அடித்துக் கொன்று புதைத்துவிடுவார். பயின்றவரோ, புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவச் செய்து, சிறுவனை உடனே வைத்தியசாலைக்கு அனுப்புவார். நாயைக் கட்டிவைத்துப் பதினான்கு நாள் கவனிப்பார். அது இறப்பின், தலையைப் பனிக்கட்டியில் இட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவார். நோயின் குறிகள் தோன்றியபின் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாதாகையால், முதல் நாளிற் செய்யப்படுவதே உயிரைத் தீர்மானிக்கிறது. லூயி பாஸ்ரர் 1885ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யோசப் மைஸ்ரர் என்னும் சிறுவனைக் காத்ததும் காலந் தாழ்த்தாமையாலன்றோ?

கால்நடை வளர்ப்பிற் பயிற்சி அளிக்கும் பாடசாலை குண்டசாலையில் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியபீடம் உண்டு. ஆயினும், வைத்தியராகாத பிள்ளைக்கு விலங்குத் துறையில் இடமேயில்லை எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். பண்ணையிலும், உள்ளூராட்சி மன்றங்களின் சுகாதாரப் பணியிலும், தடுப்பூசி இயக்கங்களிலும் பயின்ற கைகள் தேவைப்படுகின்றன.

விலங்கிடம் அன்பும், சட்டத்தில் அறிவும், மனத்தில் உறுதியும் உடைய பிள்ளை இத்தொழிலை நாடின், பெற்றோர் முகஞ் சுளித்தல் ஆகாது. தெருவில் ஒரு குழந்தை அச்சமின்றிப் பாடசாலைக்கு நடந்து செல்வதும், வாயில்லா உயிர் ஒன்று வதைபடாது வாழ்வதும் அத்தகையோர் கைகளிலேயே தங்கியுள்ளன.