சைக்கிள் கொடுத்தாச்சு, பாதை எங்கே?



20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் பிளஸ் 1 பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிற்கவில்லை. நல்லது. ஆனா, அந்தச் சைக்கிள் எந்த ரோட்டுல போகுது? லாரியும் பஸ்ஸும் பறக்கிற பைபாஸ்ல! பிள்ளை வீடு திரும்புற வரைக்கும் பெத்தவங்க மனசு அடிச்சுக்குது.

மாற்று வழி நம்ம ஊரிலேயே இருக்கு. வாய்க்கால் கரை, ஏரிக்கரை, பழைய வண்டிப்பாதை, தெருவையும் தெருவையும் சேர்க்கிற சந்து. வர்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு நீங்களும் ஓட்டிப் பாருங்க. பத்து நிமிஷம் கூடினாலும் பரவாயில்லை. மூணு விஷயத்தைக் குறிச்சுக்கோங்க: எங்கே முள் மண்டியிருக்கு, எங்கே விளக்கு இல்லை, பெரிய ரோட்டை எந்த இடத்தில் கடந்தே ஆகணும்.

அந்தக் குறிப்போடு அக்டோபர் 2 கிராம சபைக்கு வாங்க. முள்ளை வெட்டுறதும் விளக்கு போடுறதும் ஊராட்சி வேலை. கரையைச் சீராக்க நீர்வளத் துறைக்கும், கடக்கிற இடத்தில் பாதுகாப்பு கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கும் தீர்மானம் போடச் சொல்லுங்க. கெஞ்ச வேண்டாம், அது உங்கள் உரிமை.

சைக்கிளைப் பிள்ளைகள் வாங்கிவிட்டார்கள். பாதையை நாம் கேட்டு வாங்குவோம்!